சிவப்புப் பாணிக்குள் என்ன இருக்கிறது?

சென்ற மாதம் நமது சங்க மண்டபத்தில் முதியோர் ஒன்றுகூடல் நடைபெற்றபோது, வருகிறவர்கள் எல்லோரும் வீட்டில் பாவிக்கும் மருந்துகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டிருந்தோம். மருந்தகத்தில் பணிபுரியும் நமது அங்கத்தவர் ஒருவர் ஒவ்வொரு பையாகத் திறந்து, எந்த மருந்தை எதனுடன் சேர்த்து எடுக்கக்கூடாது என்று பொறுமையாக விளக்கிக்கொண்டு வந்தார். பிரஷர் குளிசை, சீனி வருத்தக் குளிசை, கொலஸ்ட்ரோல் குளிசை என்று எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு அம்மாவின் பைக்குள் இருந்து அரைவாசி முடிந்த சிவப்புப் பாணிப் போத்தல் ஒன்று வந்தது. லேபல் கிழிந்து, கம்பனியின் பெயரில் கடைசி இரண்டு எழுத்துகள் மாத்திரம் மிஞ்சியிருந்தன.

"இது என்ன மருந்து அம்மா?"

"சளிக்குத் தாறது தம்பி. தங்கச்சி ஊருக்குப் போட்டு வரேக்கை கொண்டந்தவ. பேரனுக்கும் ஒரு கரண்டி குடுக்கிறனான். நல்லாக் கேக்கும்."

மருந்தாளர் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், மணந்து பார்த்தார், பின்னர் மேசையில் வைத்துவிட்டார். அவரால் வேறு என்ன செய்ய முடியும்? பக்கத்தில் இருந்த ஐயா ஒருவர்தான் கேட்டார்: "இப்ப எல்லாத்துக்கும் மெசின் இருக்குத்தானே. ஒரு லாப்பிலை குடுத்தால் உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு சொல்லமாட்டினமே?"

நல்ல கேள்வி. அன்று அவசரமாக ஏதோ பதில் சொல்லிவிட்டு வந்தாலும் அது நம் மனதைவிட்டுப் போகவில்லை. இனந்தெரியாத ஒரு பொருளைப் பெயர் சொல்லி அடையாளம் காணும் கருவி உண்மையிலேயே இருக்கிறது. அதைக்கொண்டு பெரும் துயரங்களின் காரணத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கருவியிடம் போய்ச் சேருவதற்கு முன்னர் ஒருவர் அந்தப் போத்தலைப் பற்றி வாய் திறந்திருக்க வேண்டும். இம்முறை நமது சுகாதாரப் பகுதியை இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

பனாமாவில் நடந்தது

2006 செப்டெம்பர் மாதம். மத்திய அமெரிக்காவிலுள்ள பனாமா நாட்டின் தலைநகரில், சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் இயங்கும் பெரிய அரச வைத்தியசாலைக்கு வித்தியாசமான நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். அநேகமானோர் அறுபது வயதைத் தாண்டிய ஆண்கள். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்ற பழைய வருத்தங்கள் உள்ளவர்கள். வந்தவர்களுக்குச் சிறுநீர் போவது நின்றது. அடுத்ததாக முகத் தசைகள் சோர்ந்தன, கை கால்கள் இயங்க மறுத்தன, மூச்சு விடுவதே கடினமாயிற்று. பலர் இறந்தார்கள்.

தொற்றுநோய் நிபுணர் டொக்டர் நெஸ்டோர் சோசாவும் அவரது சகாக்களும் முதலில் இதை நரம்புகளைத் தாக்கும் கியான்-பரே என்ற நோயாக இருக்கலாம் என நினைத்தார்கள். ஆனால் கியான்-பரே சிறுநீரகத்தை இப்படிக் கெடுப்பதில்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து நிபுணர்கள் வந்து சேர்ந்தார்கள். நோயாளிகளில் பலர் லிசினோபிரில் என்ற இரத்த அழுத்தக் குளிசையை எடுத்து வந்தது தெரிந்ததும் சந்தேகம் அதன்மேல் திரும்பியது. நம்மவர்கள் பலரின் பையிலும் உள்ள சாதாரணக் குளிசைதான் அது. ஆனால் அந்தக் குளிசையில் பிழை எதுவும் அகப்படவில்லை.

அந்த வேளையில் வைத்தியசாலையிலேயே இருந்த ஒரு இருதய நோயாளிக்கு லிசினோபிரில் கொடுத்தபின் வறட்டு இருமல் தொடங்கியது. இது அந்த மருந்தின் நன்கு தெரிந்த பக்கவிளைவு. இருமலுக்கு அவருக்கு ஒரு பாணி கொடுத்தார்கள். பின்னர் அவருக்கும் அதே விசித்திர நோய் கண்டது. முடிச்சு அவிழ்ந்தது அங்கேதான். குளிசை இருமலைக் கொண்டுவந்தது, இருமல் பாணியைக் கொண்டுவந்தது, பாணி மரணத்தைக் கொண்டுவந்தது. லிசினோபிரில் குற்றவாளியல்ல, குற்றவாளியிடம் வழிகாட்டிவிட்ட சாட்சி.

அப்படியானால் பாணியை ஏன் முதலிலேயே கவனிக்கவில்லை? இருமல் பாணியை யாரும் ஒழுங்கு முறையாகக் குடிப்பதில்லை. இருமினால் ஒரு மிடறு, அவ்வளவுதான். எப்போது குடித்தோம், எவ்வளவு குடித்தோம் என்று நோயாளிகளுக்கே சரியாக நினைவில்லை. நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். "என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள்?" என்று வைத்தியர் கேட்டால் நாம் குளிசைகளின் பெயர்களைச் சொல்வோம். பாணியையும் தைலத்தையும் சூரணத்தையும் மருந்து என்று கணக்கில் எடுக்கிறோமா?

பாணி அற்லாண்டாவிலுள்ள ஆய்வுகூடத்துக்குப் போனது. ஒக்டோபரில் விடை வந்தது: டைஎதிலீன் கிளைகோல். பிரேக் திரவம் போன்றவற்றில் சேர்க்கப்படும் தொழிற்சாலைப் பொருள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அறிவித்து, வீடு வீடாகத் தேடிப் பாணிப் போத்தல்களைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் உறுதிசெய்யப்பட்ட மரணங்கள் மட்டுமே நூறு வரையில் சென்றுவிட்டன.

உடைத்துப் பார்க்கும் கருவி

இனி அந்த ஐயா கேட்ட மெசினுக்கு வருவோம். ஆங்கிலத்தில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீற்றர், தமிழில் திணிவு நிறமாலைமானி என்பார்கள். பெயர் பயமுறுத்தினாலும் அடிப்படை எளிமையானது. அது மூலக்கூறுகளை உடைத்து, துண்டுகளை நிறுக்கும் தராசு.

பாணி என்பது ஒரு பொருளல்ல. சீனி, நிறம், வாசனை, மருந்து, கரைப்பான் எல்லாம் சேர்ந்த கலவை. ஆகவே முதலில் அவற்றைப் பிரிக்க வேண்டும். ஒரு துளியைச் சூடாக்கி ஆவியாக்கி, தலைமயிர் அளவு துவாரமுள்ள பல மீற்றர் நீளக் குழாயினூடாக அனுப்புவார்கள். குழாயின் உட்சுவரில் ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். சில பொருட்கள் அதில் ஒட்டாமல் விரைவாக வெளியே வந்துவிடும், சில ஒட்டி ஒட்டித் தாமதமாக வரும். எத்தனையாவது நிமிடத்தில் வெளியே வந்தது என்பதே முதலாவது தடயம்.

வெளியே வரும் ஒவ்வொரு பொருளின்மீதும் இலத்திரன்களை வேகமாக மோதவிடுவார்கள். மூலக்கூறு உடையும். அச்சு முறுக்கைக் கீழே போட்டால் அது எங்கும் உடையாது, மெல்லிய இடத்தில்தான் உடையும் அல்லவா? மூலக்கூறும் அப்படித்தான், தனது பலவீனமான இணைப்புகளில் உடையும். எல்லா முறுக்கையும் ஒரே உயரத்திலிருந்து போட்டால் உடையும் விதமும் ஒரே மாதிரி இருக்கும். அதற்காகவே உலகெங்கும் உள்ள ஆய்வுகூடங்கள் இந்த மோதலின் விசையை ஒரே அளவில், 70 இலத்திரன்வோல்ட் என்று வைத்துக்கொள்கின்றன. ரொறன்ரோவில் உடைந்தாலும் சென்னையில் உடைந்தாலும் ஒரே பொருள் ஏறத்தாழ ஒரே துண்டுகளைத் தரும்.

ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம். பள்ளிக்கூட இரசாயனம் மறந்தவர்கள் பயப்படத் தேவையில்லை. ஐதரசன் அணுவின் எடை 1, காபனுக்கு 12, ஒட்சிசனுக்கு 16. பாணியில் இருக்கவேண்டிய நல்ல பொருள் கிளிசரின். அதில் 3 காபன், 8 ஐதரசன், 3 ஒட்சிசன், கூட்டினால் 92. இன்னொரு நல்ல பொருள் புரோப்பிலீன் கிளைகோல், அதன் எடை 76. நஞ்சான டைஎதிலீன் கிளைகோலின் எடை 106. மூன்றும் நிறமற்றவை, மூன்றும் தடிப்பான திரவங்கள், மூன்றும் இனிக்கும். கண்ணாலும் நாக்காலும் பிரித்தறிய முடியாது. அன்று நமது மருந்தாளர் மணந்து பார்த்ததில் பயனில்லை என்பது அவருக்கே தெரியும்.

கருவிக்குள் இந்த மூன்றுமே 31 எடையுள்ள ஒரே மாதிரியான துண்டைக் கழற்றிவிடக்கூடியவை. 92 இலிருந்து 31 போனால் 61. அதுவே கிளிசரினின் மிக உயரமான கோடு. 76 இலிருந்து 31 போனால் 45. அது புரோப்பிலீன் கிளைகோலின் கோடு. 106 இலிருந்து 31 போனால் 75. ஆனால் டைஎதிலீன் கிளைகோல் வேறு விதமாகவும் உடைகிறது. அதன் மிக உயரமான கோடும் 45 இல்தான் விழுகிறது! நல்லதும் கெட்டதும் ஒரே எண்ணைக் காட்டுகின்றன. 45 ஐ மாத்திரம் பார்த்துவிட்டு "ஆபத்தில்லை" என்று சொல்பவர் ஒரு குழந்தையைக் கொன்றுவிடக்கூடும். 45 உடன் 75 உம் இருக்கிறதா, குழாயிலிருந்து எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பெயர் சொல்லலாம்.

கைரேகைப் பதிவேடு

கோடுகள் கிடைத்துவிட்டன. அவை யாருடையவை? பொலிஸார் கைரேகையைப் பதிவேட்டுடன் ஒப்பிடுவதுபோல இங்கும் ஒரு பதிவேடு வேண்டும். அமெரிக்காவின் தேசிய தரநிர்ணய தொழில்நுட்ப நிறுவனம் தொகுத்து வரும் நூலகத்தில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான சேர்வைகளின் உடைவு வடிவங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் யாரோ ஒரு தூய மாதிரியைக் கருவியில் போட்டு அளந்து பதிந்தது. கணினி நமது வடிவத்தை இவற்றுடன் நொடிக்கணக்கில் ஒப்பிட்டு, பொருத்தமான பெயர்களைப் புள்ளிகளுடன் வரிசைப்படுத்தித் தரும். முதலாவதாக வரும் பெயர்தான் சரியானது என்று எந்த நல்ல ஆய்வாளரும் அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டார். அந்தப் பெயருடைய தூய பொருளை வாங்கி, அதே கருவியில் அதே நாளில் போட்டு, நேரமும் வடிவமும் ஒத்துவந்த பிறகே கையொப்பமிடுவார்.

மூன்று இலட்சம் என்றால் பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் 2004 முதல் எவரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய பப்கெம் என்ற இரசாயனத் தரவுத்தளத்தில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட சேர்வைகள் பதியப்பட்டுள்ளன. அதாவது பெயர் தெரிந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குக் கைரேகை எடுக்கப்படவேயில்லை.

கைரேகை இல்லாத ஆளை எப்படிப் பிடிப்பது? எடையைத் தசமதானத்துக்கு அப்பால் நான்கு இடங்கள் வரை நிறுக்கும் கருவிகள் உண்டு. அவ்வளவு நுணுக்கமாக நிறுத்தால் எந்த அணு எத்தனை என்ற சூத்திரம் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் சூத்திரம் கிடைத்தால் பெயர் கிடைத்துவிட்டது என்று அர்த்தமல்ல. 2 காபன், 6 ஐதரசன், 1 ஒட்சிசன் என்றால் அது சாராயத்திலுள்ள எதனோலாகவும் இருக்கலாம், டைமீதைல் ஈதர் என்ற எரியும் வாயுவாகவும் இருக்கலாம். இந்த இடத்தில் கணினி கையை விரித்துவிடும். துண்டுகளைப் பொருத்திப் பார்த்து யோசிக்கத் தெரிந்த ஒரு மனிதர் வேண்டும்.

இதற்கு ஒரு உதாரணம், பேசக் கூச்சமானது என்றாலும் சொல்லியே ஆகவேண்டும். "முற்றிலும் இயற்கை மூலிகை" என்று விளம்பரப்படுத்தி ஆண்மைக் குறைபாட்டுக்கு விற்கப்படும் குளிசைகளில் வயாகராவின் மருந்தான சில்டெனாபில் களவாகக் கலக்கப்படுவது பழைய கதை. அதன் எடை 474. ஆய்வுகூடங்கள் அதைத் தேடத் தொடங்கியதும் கலப்படக்காரர்கள் மூலக்கூறின் ஒரு ஓரத்தில் சிறு மாற்றம் செய்தார்கள். 2000களின் தொடக்க ஆண்டுகளில் அகப்பட்ட ஹோமோசில்டெனாபிலின் எடை 488. சில்டெனாபிலைத் தேடும் சோதனையில் "இல்லை" என்றே விடை வரும், பொருளும் சுத்தமானது என்று கடைக்குப் போகும். ஆனால் உடைந்த துண்டுகளைப் பார்த்தவர்களுக்குப் புரிந்தது. ஒரு பக்கத்துத் துண்டுகள் அச்சொட்டாகச் சில்டெனாபிலினுடையவை, மறுபக்கத்துத் துண்டில் மாத்திரம் 14 கூடுதல். 14 என்றால் ஒரு காபனும் இரண்டு ஐதரசனும். மீசை வைத்துக்கொண்டு வந்த அதே ஆள்! நெஞ்சு வலிக்கு நைத்திரேற்று மருந்து எடுக்கும் ஒருவர் இதையும் விழுங்கினால் இரத்த அழுத்தம் உயிராபத்தான அளவுக்கு விழுந்துவிடும். மூலிகைதானே என்று அவர் வைத்தியரிடம் சொல்லியிருக்கவும் மாட்டார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மேலே விவரித்த கருவி ஆவியாகக்கூடிய பொருட்களையே காணும். ஈயம், பாதரசம் போன்ற உலோகங்கள் அதன் கண்ணில் படாது. 2004இல் அமெரிக்காவின் பொஸ்டன் பகுதித் தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14 இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றேனும் இருந்தது. அது வேறு கருவி, வேறு சோதனை. ஆகவே ஐயா கேட்ட "உள்ளுக்கை என்ன கிடக்கு?" என்ற கேள்விக்கு ஒரே மெசினில் முழு விடை கிடையாது. "இதைக் குடித்தவருக்குச் சிறுநீர் நின்றது" என்றோ, "பிள்ளைக்கு இரத்தம் குறைந்திருக்கிறது" என்றோ யாராவது சொன்னால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று ஆய்வுகூடத்துக்குத் தெரியும்.

ஒரே நஞ்சு, எத்தனை தடவை

டைஎதிலீன் கிளைகோல் புதிய எதிரியல்ல. 1937இல் அமெரிக்காவில் சல்பனிலமைட் என்ற மருந்தை இதில் கரைத்து, ராஸ்பெரி வாசனை சேர்த்து 240 கலன் தயாரித்தார்கள். 105 பேர் இறந்தார்கள், அதில் 34 பேர் குழந்தைகள். மருந்தை விற்குமுன் அது பாதுகாப்பானதா என்று சோதிக்கவேண்டும் என்ற சட்டமே அன்று இல்லை. ஆகவே அந்தக் கம்பனிமீது சாட்ட முடிந்த குற்றம் என்ன தெரியுமா? "எலிக்சர்" என்று பெயர் வைத்தால் மதுசாரம் இருக்கவேண்டும், இதில் இல்லை என்பது! அடுத்த ஆண்டு, 1938இல், சட்டம் மாறியது.

சட்டம் மாறினாலும் நஞ்சு நாடு நாடாக அலைந்தது. 1972இல் சென்னை எழும்பூர் குழந்தைகள் வைத்தியசாலை, 1986இல் பம்பாய், பிறகு வங்காளதேசம், ஹெய்ட்டி, நைஜீரியா. பனாமாவுக்கு அது வந்த பாதை நன்றாகவே துலக்கப்பட்டிருக்கிறது. சீனாவிலுள்ள ஒரு தொழிற்சாலையில் நிரப்பப்பட்ட 46 பீப்பாய்கள் ஸ்பெயினின் பார்சலோனா வழியாகப் பனாமாவை அடைந்தன. 99.5 வீதம் தூய கிளிசரின் என்று சான்றிதழ் கூடவே வந்தது. வழியில் யாருமே திறந்து சோதிக்கவில்லை, ஒவ்வொருவரும் முந்தியவரின் காகிதத்தைப் பிரதியெடுத்து அனுப்பினார்கள். தொழிற்சாலையில் அதற்கு வைத்திருந்த பெயர் "ரீ டி கிளிசரின்". அந்த இரு எழுத்துகளும் "பதிலீடு" என்ற பொருளுள்ள சீனச் சொல்லிலிருந்து வந்தவை. உண்மை பெயரிலேயே இருந்தது, வாசிக்கத்தான் ஆள் இல்லை. கிளிசரினைவிட டைஎதிலீன் கிளைகோல் மலிவு, இவ்வளவுக்கும் காரணம் அது ஒன்றுதான். இத்தனைக்கும் பீப்பாயைத் திறந்து சோதிக்க நாம் மேலே சொன்ன விலையுயர்ந்த கருவிகூட அவசியமில்லை. ஒரு சிறு தட்டில் துளியிட்டுப் பார்க்கும் மலிவான சோதனையே போதும்.

2022இல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள், இந்தோனேசியாவில் 200க்கும் மேற்பட்ட குழந்தைகள், உஸ்பெகிஸ்தானிலும் பலர் என்று பாணி மருந்துகளால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். காம்பியாவுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் போன மருந்துகள் இந்தியத் தயாரிப்புகள். 2023 ஜூன் முதல் ஏற்றுமதியாகும் இருமல் பாணிகளைச் சோதித்தே அனுப்பவேண்டும் என்று இந்திய அரசு விதித்தது. ஏற்றுமதிக்கு வந்த விதி உள்ளூர்ப் பிள்ளைகளைக் காக்கவில்லை. 2025 செப்டெம்பர், ஒக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் இருபதுக்கும் குறையாத சிறு பிள்ளைகள் இறந்தார்கள். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் என்ற பாணி தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாட்டு அரச ஆய்வுகூடம் அதில் 48.6 வீதம் டைஎதிலீன் கிளைகோல் இருப்பதாகக் கண்டது. அனுமதிக்கப்படும் உச்ச அளவு 0.1 வீதம். ஐந்து மில்லிலீற்றர் கொள்ளும் ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய இரண்டரைக் கிராம் நஞ்சு! பெற்றோர் அன்போடு, நேரம் பார்த்து, அளந்து ஊட்டியது அது.

தமிழ்நாட்டு ஆய்வுகூடம் மாதிரி கைக்கு வந்ததும் ஓரிரு நாட்களில் விடை சொல்லிவிட்டது என்பதையும் கவனிக்கவேண்டும். அதற்கு முன்னர் பிள்ளைகள் வாரக்கணக்கில் இறந்துகொண்டிருந்தார்கள்.

நம் வீட்டு அலுமாரி

ஊரிலிருந்து வரும் மருந்தெல்லாம் நஞ்சு என்று நாம் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். நம் பெட்டிகளில் வருபவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒழுங்கான மருந்துகளே. ஆனால் அந்தப் போத்தலை இங்கு எவரும் சோதித்திருக்க மாட்டார்கள் என்பதும், தயாரித்தவர் மருந்தைத் திரும்பப் பெறும்படி அறிவித்தால் அந்த அறிவித்தல் நம் சமையலறைக்கு வந்து சேராது என்பதும் உண்மை. கனடாவில் விற்பனைக்கு அனுமதிக்கப்பட்ட மருந்தில் டி.ஐ.என். என்ற எழுத்துகளுடன் எட்டு இலக்க எண் இருக்கும். மூலிகை, விற்றமின் போன்றவற்றில் என்.பி.என். என்று இருக்கும். இந்த எண் இல்லாத பாணியைப் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டாம். எண் இருந்தாலும், கடையில் வாங்கும் சளி, இருமல் மருந்துகளை ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று 2008இலேயே ஹெல்த் கனடா அறிவித்திருக்கிறது. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இரவில் ஒரு கரண்டி தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேனும் ஆகாது.

பிள்ளையோ பெரியவரோ ஏதாவது பாணி குடித்தபின் வயிற்று வலி, வாந்தி என்று தொடங்கி, ஓரிரு நாளில் சிறுநீர் குறைந்தால் அல்லது வழமைக்கு மாறான அயர்ச்சி கண்டால் பொறுத்திருக்க வேண்டாம். உடலுக்குள் போன டைஎதிலீன் கிளைகோலை ஈரல் டைகிளைகோலிக் அமிலமாக மாற்றுகிறது, சிறுநீரகத்தை அழிப்பது அதுதான். அந்த மாற்றத்தைத் தடுக்கும் மாற்று மருந்தும், இரத்தச் சுத்திகரிப்பும் இருக்கின்றன. இவை நேரத்தோடு கொடுத்தால்தான் பலன் தரும். வைத்தியசாலைக்குப் போகும்போது போத்தலை, வெறும் போத்தலாக இருந்தாலும், கழுவாமல், மூடியுடன், பெட்டி இருந்தால் பெட்டியுடன் எடுத்துச் செல்லுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் ஒரு துளி போதும் அந்தக் கருவிக்கு. "நாட்டு மருந்து கொடுத்தோம் என்றால் டொக்டர் ஏசுவார்" என்று மறைக்காதீர்கள். ஏசினால் ஏசட்டும். நஞ்சு பற்றிய சந்தேகம் எழுந்தால் எந்த நேரமும் 1-844-764-7669 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். மயக்கம், மூச்சுத்திணறல் என்றால் நேராக 911.

யாருக்கும் வருத்தமில்லை, ஆனால் போத்தலில் லேபல் இல்லை, எப்போது வாங்கியது என்றும் தெரியவில்லை என்றால் மருந்தகத்தில் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலான மருந்தகங்கள் பழைய மருந்துகளைப் பெற்றுப் பாதுகாப்பாக அழிக்கும். சின்க்கில் ஊற்றவேண்டாம்.

பனாமாவில் இந்தக் கதைக்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு. 2007 மே மாதம், தலைநகரில் ஒரு மலிவுக் கடைக்குப் போன சாதாரண மனிதர் ஒருவர் பற்பசைக் குழாய் ஒன்றைக் கையில் எடுத்துச் சேர்மானங்களை வாசித்தார். அதில் "டைஎதிலீன் கிளைகோல்" என்று அச்சிட்டே இருந்தது. எத்தனையோ துறைமுகங்களையும் சுங்க அதிகாரிகளையும் தாண்டி வந்த பொருள் அது. முந்திய ஆண்டு செய்திகளில் கேட்ட பெயர் அவருக்கு நினைவிருந்தது. ஒரு குழாயை வாங்கிக்கொண்டு போய் அதிகாரிகளிடம் முறையிட்டார். சில வாரங்களுக்குள் அமெரிக்கா உட்படப் பல நாடுகள் சீனப் பற்பசைகளைத் தேடிச் சோதிக்கத் தொடங்கின.

நமது அம்மாவுடைய போத்தலில் வாசிப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. பேரன் சுகமாக இருக்கிறான், வேறு எவருக்கும் ஒன்றும் நேரவில்லை. அவர் அதை மருந்தாளரிடம் ஒப்படைக்கச் சம்மதிப்பதற்குள் இரண்டு தேநீர் முடிந்துவிட்டது. "அளக்கிற மூடியை மட்டும் தாங்கோ தம்பி, நல்ல மூடி" என்றார். அதையும் கொடுக்கவில்லை. அடுத்த ஒன்றுகூடலுக்கும் எல்லோரும் மருந்துப் பையுடன் வாருங்கள். பாணி, தைலம், சூரணம், லேகியம், அயலவர் கொடுத்தது, கொரியரில் வந்தது எல்லாமே அந்தப் பைக்குள் வரவேண்டும்.